ஒன்பது பிள்ளைகள் இருந்த வீட்டில் ஈஸ்டர்: உங்கள் வீட்டில் எப்படி?

ஏழாவது பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் உடன்பிறந்தவர்கள் ஒன்பது பேர். நான் ஏழாவது. போன ஆண்டு ஈஸ்டர் முடிந்து இரண்டு மாதத்தில் அம்மா காலமானார். இந்த ஈஸ்டருக்கு ஒன்பது பேரும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு பழைய வீட்டில் கூடுகிறோம். எண்ணிப் பார்த்தால் 41 பேர்.

சின்ன வயதில் வீட்டில் நடந்ததையெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும் என்று ஆசை. எழுத உட்கார்ந்தால் பாதிதான் நினைவுக்கு வருகிறது. அதனால்தான் இந்த இழை. உங்கள் வீட்டில் தவக்காலமும் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) அதன் கடைசியில் வரும் பெரிய வாரமும் எப்படி இருந்தன என்று சொன்னால் எனக்கும் சில ஞாபகம் வரும்.

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெங்காயச் சருகுதான். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று அம்மா சமையலறைக் கதவின் பின்னால் ஒரு துணிப்பையை மாட்டுவார். அன்றிலிருந்து வெங்காயம் உரித்தால் சருகு குப்பைக்குப் போகாது, அந்தப் பைக்குத்தான் போகும். பெரிய சனிக்கிழமைக்குள் பை புடைத்துவிடும். அந்தச் சருகைத் தண்ணீரில் போட்டு, கொஞ்சம் வினிகர் ஊற்றிக் கொதிக்கவைத்து, ஆறியபின் அதில் வெந்த முட்டைகளை ஊறவைத்தால் செங்கல் நிறத்துக்கும் செந்தூர நிறத்துக்கும் நடுவே ஒரு நிறம் வரும். ஊறப்போடும் முன் ஆளுக்கொரு முட்டையில் பெயர் எழுத வேண்டும். முந்தைய ஆண்டு பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவில், கோயிலில் பிடித்திருந்த மெழுகுவர்த்தியின் மிச்சத்துண்டுதான் பேனா. எழுதும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. எடுத்து வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் பெயர் வெள்ளையாக எழுந்து வரும். ஒன்பது முட்டை, ஒன்பது பெயர். எழுத்துக் கற்காத தம்பிக்கு ஒரு சிலுவை மட்டும்.

முட்டையில் பெயர் எழுதும் வேலை மூத்த அக்காவுடையது என்பது வரை நினைவிருக்கிறது. குருத்தோலையை மடித்துச் சிலுவை செய்தது யார், செபமாலையில் எந்தப் பத்து மணி யாருக்கு, இவையெல்லாம் மங்கிவிட்டன. உங்கள் வீட்டுக் கதைகளைச் சொல்லுங்கள்.

பீடச்சிறுவன் எழுதியது:

எங்கள் வீட்டில் ஐந்து பையன்கள், இரண்டு பெண்கள். ஐந்து பேரும் பீடத்தில் உதவி செய்தவர்கள். நான் நான்காவது.

பெரிய வியாழன் இரவுப் பூசையில் பாதம் கழுவப் பன்னிரண்டு பேரைச் சாமியார் தேர்ந்தெடுப்பார். ஓர் ஆண்டு எனக்கும் அண்ணனுக்கும் இடம் கிடைத்தது. அன்று மாலை அம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துக் காலைத் தேய்த்த தேய்ப்பு இன்னும் நினைவிருக்கிறது. குதிகால் வெடிப்பு, நக இடுக்கு, கணுக்கால் அழுக்கு, ஒன்றையும் விடவில்லை. கோயிலில் சாமியார் மண்டியிட்டு என் காலில் தண்ணீர் ஊற்றியபோது, இதை வீட்டில் அம்மா ஏற்கெனவே செய்துவிட்டாரே என்றுதான் எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் அந்த வயதில் யோசிக்கவில்லை. இப்போது நிறைய யோசிக்கிறேன்.

என் அக்காவுக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. ஆண்களின் பாதத்தை மட்டுமே கழுவலாம் என்பது அன்றைய விதி. பெண்களையும் சேர்க்கலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-ல் வழிபாட்டு விதியை மாற்றினார். அந்த ஆண்டு அக்காவுக்கு ஐம்பது வயது. அவள் பேத்தியின் பாதத்தைக் கழுவியதை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள்.

பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ பாடும்போது எல்லா மணியும் ஒன்றாக அடிக்கும். அதோடு சரி. பாஸ்கா இரவில் அதே பாட்டு வரும்வரை மணியே கிடையாது. இடையில் மரக்கட்டைகளைத் தட்டுவோம். அந்தக் காய்ந்த ‘டக் டக்’ ஓசை கேட்டால் இன்றும் எனக்குப் பெரிய வெள்ளிதான். வீட்டில் அப்பா அழைப்பு மணியைக்கூடக் கழற்றி வைப்பார். வருகிறவர்கள் கதவைத் தட்ட வேண்டும்.

பாஸ்காக் கணக்கு எழுதியது:

எங்கள் வீட்டில் எட்டுப் பேர். தவக்காலத்தில் இனிப்பை விட்டுவிடுவோம். அப்போது பெரிய வழக்கே ‘ஞாயிற்றுக்கிழமை இனிப்பு தின்னலாமா’ என்பதுதான்.

திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள். அதில் ஆறு ஞாயிறு. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அதில் நோன்பில்லை. ஆறைக் கழித்தால் நாற்பது. என் இரண்டாவது அண்ணன் இதை மறைக்கல்வி வகுப்பில் கேட்டுவிட்டு வந்து, ஞாயிறு காலையிலேயே டப்பாவைத் திறந்துவிட்டான். பெரிய அக்கா கொதித்துப்போனாள். அப்பா இருதரப்பையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: “விட்டதை ஞாயிற்றுக்கிழமை தின்பதில் பாவமில்லை. ஆனால் தின்கிறவன் மற்ற ஏழு பேருக்கும் தன் பங்கிலிருந்து கொடுத்துவிட்டுத் தின்னட்டும்.” அதன்பிறகு யாரும் டப்பாவைத் திறக்கவில்லை.

என் தங்கை பிறந்தது ஏப்ரல் 1. ஈஸ்டர் நிலாவைப் பார்த்து வருவதால், வசந்தகால முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்ற கணக்கில், மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் விழும். 1983-ல் அவள் பிறந்தநாள் பெரிய வெள்ளியில் விழுந்தது. இறைச்சி இல்லை, பாட்டு இல்லை, சிரிப்புக்கும் அளவு. பாவம், ஏழெட்டு வயதுப் பிள்ளை. 1988-லும் அப்படியே, 1994-லும் அப்படியே. ஒவ்வொரு புத்தாண்டிலும் நாட்காட்டி கைக்கு வந்ததும் அவள் முதலில் ஏப்ரல் பக்கத்தைத்தான் திருப்புவாள். 2018-ல் ஏப்ரல் 1 ஈஸ்டர் ஞாயிறாகவே வந்தது. அந்த ஆண்டு நாங்கள் எட்டுப் பேரும் அவள் வீட்டில் இருந்தோம். சொல்லிவைத்துக்கொண்டு போனோம்.

முட்டைக்கும் ஒரு காரணம் உண்டு, ஏழாவது பிள்ளை. முற்காலத்தில் தவக்காலத்தில் இறைச்சி மட்டுமல்ல, முட்டையும் விலக்கு. கோழிக்கு அது தெரியாதே, அது பாட்டுக்கு முட்டையிடும். ஆறு வாரமாகச் சேர்ந்த முட்டைகள் ஈஸ்டர் அன்று விருந்தாயின.

நாற்பத்தைந்தில் பிறந்தவன் எழுதியது:

நான் 1945-ல் பிறந்தவன். பத்துப் பேரில் மூன்றாவது. பிள்ளைகளே, நீங்கள் சொல்லும் பாஸ்கா இரவு என் சின்ன வயதில் இரவில் நடக்கவில்லை என்றால் நம்புவீர்களா?

அப்போது திருவிழிப்புச் சடங்கைச் சனிக்கிழமை காலையிலேயே முடித்துவிடுவார்கள். புதுநெருப்பை வெயிலில் மூட்டுவார்கள். சுடர் கண்ணுக்கே தெரியாது. பன்னிரண்டு வாசகம், அத்தனையும் இலத்தீனில். மணி காலையிலேயே அடித்துவிடும். நண்பகலோடு தவக்காலம் முடிந்தது என்பது சட்டம். பாட்டி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அடுப்படியில் நிற்பார். பன்னிரண்டு அடித்ததும்தான் மூடியைத் திறப்பார். “ஆண்டவர் ஞாயிற்றுக்கிழமைதானே உயிர்த்தார், நாம் மட்டும் ஏன் ஒருநாள் முன்னாலேயே சாப்பிடுகிறோம்?” என்று என் தம்பி கேட்பான். யாரும் பதில் சொன்னதில்லை.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-ல் இரவு விழிப்புக்குச் சோதனையாக அனுமதி கொடுத்தார். 1955-ல் பெரிய வாரச் சடங்குகள் முழுவதையும் சீர்திருத்தி, அடுத்த ஆண்டு முதல் எல்லாக் கோயில்களுக்கும் விதியாக்கினார். 1956-ல் ஈஸ்டர் ஏப்ரல் 1. எனக்கு அப்போது வயது பதினொன்று. முதல்முறையாக இருட்டில் அந்த நெருப்பைப் பார்த்தேன். கோயிலில் ஒரு விளக்கும் இல்லை. வாசலில் தீ. அதைப் பாஸ்காத் திரி என்ற பெரிய மெழுகுவர்த்தியில் ஏற்றி, அதிலிருந்து ஒருவர் ஒருவராக. எங்கள் வரிசையில் பத்துப் பேர். அப்பாவிடமிருந்து அண்ணனுக்கு, அண்ணனிடமிருந்து அக்காவுக்கு, அக்காவிடமிருந்து எனக்கு. வரிசை முடிவில் பார்த்தால் எங்கள் வீட்டு முகங்கள் மொத்தமும் வெளிச்சத்தில். அன்றுதான் என் தம்பியின் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

போனதில் ஒன்றுக்காக இன்றும் ஏங்குகிறேன். பெரிய வாரத்தில் மாலையில் இருள் செபம் உண்டு. முக்கோணத் தண்டில் பதினைந்து மெழுகுவர்த்தி. ஒவ்வொரு சங்கீதம் முடிந்ததும் ஒன்றை அணைப்பார்கள். கடைசி ஒன்றை அணைக்காமல் பீடத்தின் பின்னால் மறைப்பார்கள். கும்மிருட்டு. அப்போது எல்லோரும் புத்தகத்தால் பலகையைத் தட்டிச் சத்தம் எழுப்புவோம், பூமி அதிர்ந்ததன் நினைவாக. ஆண்டு முழுவதும் கோயிலில் மூச்சு விடாதே என்று அதட்டப்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நிமிடம் எப்படி இருந்திருக்கும், நீங்களே நினைத்துப் பாருங்கள். சத்தம் ஓய்ந்ததும் அந்த ஒற்றைச் சுடர் திரும்பி வரும்.

மூடிய சுரூபம் எழுதியது:

எல்லோரும் இனிப்பாகவே எழுதுகிறீர்கள். என் அனுபவம் வேறு. எங்கள் வீட்டிலும் ஏழு பேர், பெரிய வாரம் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஏழு பேரையும் வயது வரிசையில் நிறுத்துவார்கள். எட்டு வயதில் என்னிடம் பாவம் போதவில்லை. பொய்யாக இரண்டு சேர்த்துச் சொன்னேன். பிறகு அந்தப் பொய்யே பெரும்பாவம் என்று எண்ணி இரவெல்லாம் அழுதேன். பெரிய வெள்ளி மூன்று மணிக்குச் சிரித்தால் ஆணி அடிக்கிறவன் நீதான் என்று வீட்டில் சொன்னார்கள். ஒரு குழந்தையிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

இன்றும் கோயிலுக்குப் போகிறேன். விசுவாசம் போகவில்லை. ஆனால் என் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். 41 பேரில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். பார்த்துச் செய்யுங்கள்.

நான் மனதார வைத்துக்கொண்ட ஒன்று உண்டு. தவக்காலக் கடைசி இரு வாரங்களில் சிலுவையையும் சுரூபங்களையும் (புனிதர் சிலைகளை) ஊதாத் துணியால் மூடுவார்கள். எங்கள் வீட்டிலும் மூடுவோம். யாரும் பயமுறுத்தாத, விளக்கம் சொல்லாத ஒரே வழக்கம் அதுதான். துணிக்குப் பின்னால் மாதா எப்படி நிற்பார் என்று நானே மனதில் வரைந்து பார்ப்பேன்.

பாஸ்காக் கணக்கு எழுதியது:

மூடிய சுரூபம் சொன்னதை ஆமோதிக்கிறேன். ஒருசந்தியும் (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு) சுத்தபோசனமும் (இறைச்சி விலக்கு) குழந்தைகளுக்கானவை அல்ல. இன்றைய திருச்சபைச் சட்டப்படி சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 நிறைந்ததிலிருந்து 59 நிறையும் வரை. முன்பு 1917 சட்டத்தில் ஏழு வயதிலேயே சுத்தபோசனம் தொடங்கியது. நம் பாட்டிமார் அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள், பழக்கத்தில் நம்மையும் அப்படியே வளர்த்தார்கள்.

மூத்தவள் எழுதியது:

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று. எழுதிவிடுகிறேன்.

நான் பதினொரு பேரில் மூத்தவள். ஏழாவது பிள்ளைக்கு வெங்காயச் சருகின் நிறம் நினைவிருக்கிறது. எனக்கு அந்தப் பாத்திரத்தைத் தேய்த்தது நினைவிருக்கிறது. சனிக்கிழமை பதினொரு தலைக்குக் குளியல், பதினொரு ஜோடி காலணிக்குப் பாலிஷ், மறுநாளுக்கான துணிகளுக்கு இஸ்திரி. புதுச்சட்டை மூத்தவளுக்கு, மற்றவர்களுக்கு இறங்குவரிசையில் பழசு என்று தம்பி தங்கைகள் இன்றும் பொறாமையாகச் சொல்வார்கள். அந்தச் சட்டையில் எப்போதும் யாராவது ஒரு குழந்தையின் எச்சில்தான்.

பாஸ்கா இரவு பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகம். ஆபிரகாம் கத்தியை எடுப்பதற்குள் கடைக்குட்டி தூங்கிவிடும். செங்கடல் பிளக்கும்போது அதற்கு மேலது. ஒன்று தோளில், ஒன்று மடியில். புதுநெருப்பு மூட்டும்போது நான் வாசலில் நின்றதே இல்லை. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தீக்கு அருகே போகக்கூடாது என்று அம்மா என்னைக் கோயிலுக்குள்ளேயே, பின்வரிசையில் இருட்டில் உட்காரவைப்பார். எரியும் மெழுகுவர்த்தியும் தரமாட்டார். கையில் குழந்தை இருக்கிறதே. பதினேழு வயதுவரை என் பாஸ்கா இருட்டும் குழந்தைகளின் மூச்சும்தான்.

குறையாகச் சொல்லவில்லை, இல்லை, குறையாகத்தான் சொல்கிறேன். அம்மாவைச் சொல்லவில்லை, அவருக்கும் இரண்டே கைகள்தான். ஆனால் பெரிய குடும்பத்தின் ஈஸ்டர் நினைவு என்று யார் பேசினாலும் இளையவர்களின் நினைவாகவே இருக்கிறது. மூத்த பெண்களைக் கேளுங்கள்.

பதினாலாவது மெழுகுவர்த்தி எழுதியது:

மூத்தவள் அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள். பெரிய குடும்பத்துக்கு மருமகளாக வந்தேன். முதல் பாஸ்கா இரவில் அவர்கள் வீட்டு வரிசையில் கடைசியில் நின்றேன். சுடர் ஒவ்வொருவராகக் கைமாறி வந்தது. பதிமூன்றாவதாக நின்ற என் பெரிய நாத்தனார் தன் திரியைச் சாய்த்து என்னுடையதை ஏற்றிவிட்டு, “இனி நீதான் கடைசி, உனக்கு அடுத்து யார் வந்தாலும் நீதான் ஏற்றிக் கொடுக்கணும்” என்றார். அந்த வீட்டில் எனக்கு இடம் உண்டு என்று அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவர் தனியாக அடுப்படியில் நின்றதையும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று இப்போது புரிகிறது.

பீடச்சிறுவன் எழுதியது:

அம்மா எங்கள் காலைத் தேய்த்தபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அக்காதான். மூத்தவள் அக்கா எழுதியதைப் படித்தபிறகுதான் அது நினைவுக்கு வந்தது. என் முதல் பதிவில் அதை விட்டுவிட்டேன்.

ஏழாவது பிள்ளை எழுதியது:

மூத்தவள் அக்காவின் பதிவைப் படித்ததும் என் மூத்த அக்காவுக்குத் தொலைபேசினேன். அவருக்கு இப்போது எழுபது வயது. பாஸ்கா புதுநெருப்பைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். சிறிது நேரம் பேசவில்லை. “உன்னைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலதான உட்கார்ந்திருந்தேன்” என்றார். என்னை! ஏழாவதான என்னையும், எட்டாவதையும், ஒன்பதாவதையும். ஐம்பது ஆண்டுக்கு மேலாக இது எனக்குத் தெரியாது. நான் தூங்கிப்போயிருந்தேன்.

அப்புறம் ஒருமணி நேரம் பேசினோம். மங்கிப்போனது என்று எழுதினேனே, எல்லாம் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. குருத்தோலையை மடித்தது அப்பா. பழைய ஓலையைத் திருநீற்றுப் புதன் சாம்பலுக்காகக் கோயிலில் திருப்பிக் கொடுக்கும் வேலை எனக்கு மேலே பிறந்த அண்ணனுக்கு. செபமாலையில் மூன்றாவது பத்து என்னுடையது, ஏனென்றால் நாலாவதுக்குள் எனக்குக் கண் சொருகிவிடும். முட்டையில் பெயர் எழுதுவதை அவர் கேட்டு வாங்கிக்கொண்டாராம். அந்த வேலைக்கு மட்டும்தான் உட்கார முடிந்தது என்றார்.

முடிவு செய்துவிட்டோம். பெரிய சனி வேலை முழுவதும் எங்கள் கீழ் ஐந்து பேருடையது. மேல் நால்வரும் அடுப்படிக்குள் வரக்கூடாது. புதுநெருப்பு மூட்டும்போது வாசலில் முதலில் அக்கா நிற்க வேண்டும், எங்கள் வரிசையில் அவர் திரிதான் முதலில் எரிய வேண்டும். மூடிய சுரூபம், உங்கள் சொல்லும் மனதில் இருக்கிறது. பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும் என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

நாற்பத்தைந்தில் பிறந்தவர் ஐயாவிடம் ஒரு கேள்வி: பிள்ளைகள் கையில் மெழுகு சொட்டாமல் இருக்க அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள்?

நாற்பத்தைந்தில் பிறந்தவன் எழுதியது:

தடித்த அட்டையில் உள்ளங்கை அளவு வட்டம் வெட்டி, நடுவில் கூட்டல் குறி போல இரண்டு கீறல் போடு தம்பி. துளை போடாதே, துளை போட்டால் நழுவும். கீறலில் மெழுகுவர்த்தியைக் கீழிருந்து மேலே நுழைத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எரியாத திரியைத்தான் சாய்க்க வேண்டும், எரிகிறதைச் சாய்க்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கு முதல்நாளே பழக்கிவிடு.

மூத்தவள் எழுதியது:

ஏழாவது பிள்ளை, உங்கள் அக்கா என்ன சொன்னார்? ஒத்துக்கொண்டாரா?

ஏழாவது பிள்ளை எழுதியது:

ஒத்துக்கொண்டார் அக்கா. ஒரு நிபந்தனையோடு. “முன்னாலேயே நிக்கிறேன். அந்த வாசகம் தொடங்கினதும் கைக்குழந்தையை என்கிட்ட குடுத்துரணும். அந்த ராத்திரியில வெறும் மடியோட உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்ல” என்றார். என் அண்ணன் பேரனுக்கு ஏழு மாதம். அவன் அம்மாவிடம் கேட்டோம், சரி என்றுவிட்டாள்.

அட்டை வட்டம் 40 வெட்டியாகிவிட்டது, அந்தக் குட்டிக்கு வேண்டாம் என்பதால். வெங்காயச் சருகுப் பையைக் கதவின் பின்னால் மாட்டியிருக்கிறேன். முட்டையில் எழுத, போன ஆண்டு அம்மா பிடித்திருந்த மெழுகுவர்த்தியின் துண்டு அலமாரியில் இருந்தது. அதை அக்காவுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.